இருட்டறையும் திறந்த பெட்டியும்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சிறிது தொலைவு சென்றதும் பேருந்து நடத்துநர் ‘எச்.பி.எஃப்’ என்று குரல் கொடுப்பார். சிலர் இறங்குவர். எந்த நிறுவனத்தின் பெயரால் அந்த நிறுத்தம் வழங்கப்படுகிறதோ அந்த நிறுவனம் இன்று இயங்கவில்லை. அதனை அடுத்துள்ள குடியிருப்புக்கு இந்து நகர் என்று பெயர். வெளியூரிலிருந்து வருவோர் அதைச் சமயப் பெயராகக் கொள்வதுண்டு. உண்மையில் ‘இந்து’ என்பது அங்கு உருவான ஃபிலிம்களுக்குச் சூட்டப்பட்ட வணிகப்பெயர். வடமொழியில் நிலவைக் குறிக்கும் சொல் அது. இருட்டில் பிறந்து வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

இக்கட்டுரை அந்தத் தொழிற்சாலையில் தொடங்கி, இலக்கிய வாசகர்களுக்குச் சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு செய்தியில் சென்று முடியும். ஒரு காணொளிக் கோப்பை, கணினி விளையாட்டு ஒன்றில் பயன்படுத்துவதற்காக, திறந்த வடிவம் ஒன்றுக்கு மாற்றுவது எப்படி என்பதே அச்செய்தி. இதில் நமக்கென்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். ஏடுகளிலிருந்து தாளுக்கும், தாளிலிருந்து திரைக்கும் பெயர்ந்து வந்த ஒரு மொழியின் வாசகர்கள் நாம். ஒரு பொருள் தன் பழைய உடலை விட்டுப் புதிய உடலுக்குள் புகும்போது எது எஞ்சுகிறது, எது தொலைகிறது என்பது நம் பழைய கவலைதான். கவலை பழையது, கருவி மட்டுமே புதியது.

*

ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனமாக உருவாக்கப்பட்டது. பிரான்சு நாட்டின் போஷே நிறுவனம் தொழில்நுட்பம் வழங்கியது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. திரைப்படங்களைப் பிரதியெடுக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம், புகைப்படச் சுருள், புகைப்படத் தாள் ஆகியவை இங்கிருந்து நாடெங்கும் சென்றன.

நீலகிரி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை ஃபிலிமின் இயல்பே விளக்கும். வெள்ளி உப்பின் நுண்துகள்களை ஜெலட்டினில் கலந்து, ஒளிபுகும் மெல்லிய தாளின்மேல் சீராகப் பூசுவதே ஃபிலிம் தயாரிப்பின் உயிர்நாடி. பூச்சில் ஒரு தூசி விழுந்தால் திரையில் அது கல்லளவு தெரியும். வெப்பம் மிகுந்தால் ஜெலட்டின் இளகும். ஆகவே தூய காற்றும் குளிர்ந்த தட்பவெப்பமும் நல்ல நீரும் வேண்டும். மூன்றும் இம்மலையில் இருந்தன. தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் வாய்த்த மலை ஃபிலிமுக்கும் வாய்த்தது.

ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஆலை வாழ்வளித்தது. படுகர் ஊர்களிலிருந்தும், சமவெளியிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் வந்தோர் அங்கே ஒன்றாகப் பணி செய்தனர். பிறகு சரிவு வந்தது. உலகம் வண்ணத்துக்கு மாறியபோது அந்தத் தொழில்நுட்பத்தின் திறவுகோல் வெளிநாட்டுப் பெருநிறுவனங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. பாலியெஸ்டர் தளத்தில் எக்ஸ்ரே ஃபிலிம் தயாரிக்கப் பெருஞ்செலவில் மேற்கொள்ளப்பட்ட திட்டம் கடன் சுமையாக மாறியது. 1996-இல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. எண்மப் படக்கருவிகள் வந்தபின் ஃபிலிமுக்கான சந்தையே உலகெங்கும் சுருங்கியது. 2014-இல் ஆலையை மூடுவதற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

*

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை வழியாக 2008-இல் வாய்மொழி வரலாறுகள் சிலவற்றைப் பதிவு செய்ய முயன்றோம். இரவல் வாங்கிய ஒரு மினி டிவி படக்கருவியும் நான்கு நாடாக்களுமே கைமுதல். அந்தப் பதிவுகளுள் ஒன்று, ஆலையின் பூச்சுப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருடையது. தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இருபது நிமிடம் பேசினார். முழு இருட்டில் வேலை செய்வது எப்படி என்று கேட்டோம். “தம்பி, கண்ணு இருக்கிறவனுக்கு அங்கே வேலை இல்ல, கை இருக்கிறவனுக்குத்தான் வேலை,” என்றார். பிறகு கண்களை மூடிக்கொண்டு, இல்லாத ஒரு சுருளை இரண்டு கைகளாலும் வாங்கி, விளிம்பை விரலால் தடவி, எதிரே இருந்த இல்லாத எந்திரத்தில் பொருத்திக் காட்டினார். அந்த அசைவு ஒரு நிமிடம்கூட இருக்காது. நாற்பது ஆண்டு உழைப்பு முழுவதும் அதில் இருந்தது.

சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். நாடா எங்கள் துறை அலமாரியில் இருந்தது. ஃபிலிமுக்கு உகந்தது என்று போற்றப்பட்ட இதே மலைக்காற்றில் மழைக்கால ஈரமும் கலந்திருக்கிறது என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். உதகையில் படக்கருவி வைத்திருப்போர் அனைவருக்கும் லென்சில் பூக்கும் பூஞ்சையைத் தெரியும். நாடாவிலும் அது பூத்தது. எஞ்சியது, பதிவு செய்த புதிதில் நகரத்துக் கடை ஒன்றில் எங்களுக்குப் பிரதியெடுத்துக் கொடுத்த ஒரு குறுந்தகடு மட்டுமே. அந்தத் தகட்டில் இருந்த கோப்பு, அக்கடையினர் பயன்படுத்திய பதிவு அட்டையோடு வந்த மென்பொருளில் மட்டுமே திறக்கும். அம்மென்பொருள் பழைய விண்டோஸ் கணினியில் மட்டுமே ஓடும். அக்கணினி எங்களிடம் இல்லை. கடையும் இப்போது இல்லை.

சென்ற ஆண்டு கணினித்துறை மாணவர் நால்வர் எங்கள் துறைக்கு வந்தனர். மூடப்பட்ட ஆலையை ஒரு கணினி விளையாட்டாக ஆக்க விரும்பினர். விளையாடுபவர் இருட்டறைக்குள் நுழைவார். திரை முழுவதும் கறுப்பு. ஒலியையும் தொடுகையையும் மட்டுமே துணையாகக் கொண்டு சுருளை எந்திரத்தில் பொருத்த வேண்டும். வெளியே வந்ததும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் உண்மையான தொழிலாளி ஒருவரின் முகம் தோன்ற வேண்டும். “ஐயா, உங்களிடம் அப்படி ஒரு பதிவு இருப்பதாகச் சொன்னார்களே?” என்றார் மாணவி ஒருவர். அலமாரியைத் திறந்து குறுந்தகட்டை எடுத்துக் கொடுத்தோம். அவர்களுடைய கணினி எதிலும் அது திறக்கவில்லை. பெரியவரின் கைகள் அந்த வட்டத் தகட்டுக்குள் இருந்தன. நம் கண்ணுக்கு அவை எட்டவில்லை.

*

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வது நல்லது. ஃபிலிமுக்கும் ஒரு காலத்தில் பூட்டுப் போட முயன்றனர்.

35 மில்லிமீட்டர் அகலமும், ஒரு படத்துக்குப் பக்கத்துக்கு நான்கு துளைகளும் கொண்ட திரைப்படச் சுருள், 1890களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் என்பவரின் உழைப்பில் உருப்பெற்றது. 1908-இல் எடிசன் நிறுவனமும் பிறவும் அமெரிக்காவில் காப்புரிமைக் கூட்டமைப்பு ஒன்றை நிறுவின. படம் எடுப்பவர், திரையிடுபவர், எந்திரம் வைத்திருப்பவர் அனைவரும் உரிமத்தொகை செலுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்குக் கட்டுப்படாத படக்காரர்கள் எதிர்த்து நின்றனர். 1915-இல் அமெரிக்க நீதிமன்றம் அக்கூட்டமைப்பு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையில் 1909-இல் பாரிசில் கூடிய படத்தயாரிப்பாளர் மாநாடு 35 மில்லிமீட்டரைப் பொதுத்தரமாக ஏற்றுக்கொண்டது. பாரிசில் எடுத்த படத்தைச் சென்னையில் ஓட்டவும், உதகையில் பூசிய சுருளைக் கல்கத்தாவின் எந்திரத்தில் ஏற்றவும் முடிந்தமைக்கு இந்தப் பொதுமையே காரணம். அளவு அனைவருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை எவரும் செய்யலாம் என்ற நிலையும் இருந்தது.

ஃபிலிமில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்திரம் இல்லாவிட்டாலும் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் படம் கண்ணுக்குத் தெரியும். அதைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. ஃபிலிம் அழியாதது என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இன்று நம்மிடம் இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீவிபத்தில் பழைய நைட்ரேட் படச்சுருள்கள் ஏராளமாக எரிந்தன. ஃபிலிமும் சாகும். ஆனால் உடல் இருக்கும்வரை அதன் பொருளும் இருக்கும். எண்மக் கோப்போ உடல் முழுதாக இருக்கும்போதே ஊமையாகிவிடக் கூடும். எங்கள் குறுந்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

*

காணொளிக் கோப்பு என்று நாம் ஒரு சொல்லில் குறிப்பது உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று உறை, மற்றொன்று உள்ளே இருக்கும் கடிதம் எழுதப்பட்ட மொழி. உறையின் மேல் ‘ஏ.வி.ஐ’ என்றோ ‘எம்.பி.4’ என்றோ எழுதியிருக்கும். உறையைப் பிரிப்பது எளிது. உள்ளே உள்ள மொழி தெரியாவிட்டால் கடிதம் வெறும் கோடுகள். அந்த மொழியைக் குறிமுறை என்கிறோம்.

குறிமுறை ஏன் வேண்டும்? மினி டிவி நாடாவின் ஒரு மணி நேரப் பதிவை அப்படியே கணினிக்கு மாற்றினால் ஏறத்தாழ 13 கிகாபைட் இடம் பிடிக்கும். ஆகவே சுருக்க வேண்டும். சுருக்கும் முறையை விளக்க நம் மளிகைக்கடைப் பேரேடே போதும். முதல் வரியில் சரக்கின் பெயர் முழுமையாக இருக்கும். அடுத்தடுத்த வரிகளில் ‘மேற்படி’ என்று மட்டும் எழுதி, மாறிய எண்ணை மட்டும் குறிப்பார்கள். காணொளியிலும் ஒரு படம் முழுமையாகப் பதிவாகும். அடுத்து வரும் படங்களில் எது அசைந்ததோ, எது மாறியதோ அது மட்டும் பதிவாகும். திண்ணையும் சுவரும் ‘மேற்படி’. பெரியவரின் கை மட்டும் புதுவரி. பேரேட்டின் முதல் வரி கிழிந்தால் ‘மேற்படி’களுக்குப் பொருளில்லாமல் போவது போல, முழுப்படம் சிதைந்தால் அதைத் தொடரும் படங்களும் சிதையும். எனவே சிறிது இடைவெளிக்கு ஒருமுறை முழுப்படம் ஒன்றை மீண்டும் எழுதுவர்.

இந்த ‘மேற்படி’க் கணக்கை எழுதும் முறைகளுக்குத்தான் காப்புரிமைகள் பெறப்பட்டன. எம்பெக் வரிசையைச் சேர்ந்த குறிமுறைகளும், 2003-இல் வெளிவந்த எச்.264-உம் பல நிறுவனங்களின் காப்புரிமைகளைத் தாங்கி நின்றன. 1908-இல் சுருளுக்குப் போட முயன்ற பூட்டு, நூறாண்டுக்குப்பின் கணக்குமுறைக்குப் போடப்பட்டது. அவற்றின் விளக்க ஆவணங்கள் மறைக்கப்படவில்லை. படிக்கலாம், உரிமம் இன்றிச் செய்யலாகாது என்பதே சிக்கல். எங்கள் குறுந்தகட்டுக் கோப்பின் நிலை இன்னும் மோசம். அதன் மொழிக்கு இலக்கண நூலே வெளியிடப்படவில்லை.

இதற்கு எதிர்வினையாகத் தோன்றிய வரலாறு சுவையானது. அதில் விளையாட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1998-இல் எம்.பி.3 ஒலிமுறைக்கு உரிமத்தொகை கேட்கப்போவதாக அறிவிப்பு வந்தது. அதையடுத்து, அமெரிக்காவின் கிறிஸ் மாண்ட்கோமரியும் அவருடைய தோழர்களும் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ‘வார்பிஸ்’ என்னும் ஒலிமுறையை முனைந்து உருவாக்கினர். 2002-இல் அதன் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. அதை இட்டு வைக்கும் உறைக்கு ‘ஆக்’ என்று பெயர். இச்சொல் வந்த வழியே வேடிக்கையானது. 1980களின் இறுதியில் பல்கலைக்கழகக் கணினிகளில் மாணவர்கள் ஆடிய ‘நெட்ரெக்’ என்ற விண்வெளிப் போர் விளையாட்டின் குழூஉக்குறி அது. பின்விளைவை எண்ணாமல் தன் கலத்தோடு பகைவன்மேல் பாய்வதை அவ்விளையாட்டில் அப்படிச் சொல்வார்கள்.

படத்துக்கான முறையும் விளையாட்டின் வழியாகவே வந்தது. நியூயார்க்கில் 1990களில் ‘டக்’ என்றொரு நிறுவனம் இருந்தது. சேகா சாட்டர்ன் முதலிய விளையாட்டுக் கருவிகளில் ஓடும் காணொளிகளுக்கு அதன் சுருக்குமுறை பயன்பட்டது. பின்னாளில் ‘ஆன்2’ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்நிறுவனம், தன் ‘விபி3’ குறிமுறையை 2001-இல் பொதுவெளிக்கு விடுவித்தது. தன் காப்புரிமைகளுக்குக் கட்டணம் கேட்பதில்லை என்றும் உறுதியளித்தது. ‘வார்பிஸ்’ குழுவினர் அதனைப் பெற்றுச் செப்பனிட்டு, ‘தியோரா’ என்று பெயரிட்டனர். 2004-இல் அதன் வடிவம் இறுதி செய்யப்பட்டது. 2008-இல் முதல் முழுப்பதிப்பு வெளிவந்தது. நாங்கள் திண்ணையில் பெரியவரைப் பதிவு செய்துகொண்டிருந்த அதே ஆண்டு என்பதை இப்போதுதான் கவனிக்கிறோம். உலகின் ஒரு மூலையில் திறந்த பெட்டி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. நாங்களோ பூட்டிய பெட்டியைக் கைநீட்டி வாங்கினோம்.

*

மாணவர்கள் தம் விளையாட்டை ‘கோடோ’ என்னும் இலவச மென்பொருளில் உருவாக்கியிருந்தனர். அது திறமூல மென்பொருள். அதன் நிரல் முழுவதும் எவரும் படிக்கத்தக்கது. ஆனால் காணொளி என்று வரும்போது, தன்னளவில் அது ‘ஆக்’ உறையில் இட்ட ‘தியோரா’வை மட்டுமே ஏற்கும். இன்று செல்பேசிகளில் நாம் எடுக்கும் எச்.264 காணொளியை நேரடியாக ஏற்காது. காப்புரிமைத் தொல்லையே அதற்குக் காரணம். விளையாட்டை உருவாக்கிய மாணவன் அதை உலகெங்கும் வழங்க நினைத்தால், உள்ளே வைத்த காணொளிக் கருவிக்காக வேறொருவரிடம் உரிமம் கேட்க வேண்டிய நிலை நேரக்கூடாது என்று அதை உருவாக்கியோர் கருதினர். பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கு இது சிக்கலில்லை. அவை ‘பிங்க்’ போன்ற விலை கொடுத்து வாங்கும் முறைகளைப் பயன்படுத்தும். மலையூர் மாணவர்க்குத் திறந்த பெட்டியே கதி.

முதற்பணி, குறுந்தகட்டுக் கோப்பைத் திறப்பது. அதற்கு உதவியது ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்னும் கருவி. 2000-இல் பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார் தொடங்கி, பின்னர் உலகெங்கிலுமுள்ள தன்னார்வலர்கள் வளர்த்து வரும் மென்பொருள் அது. இலக்கணம் வெளியிடப்படாத குறிமுறைகள் பலவற்றை, கோப்புகளையும் அவற்றைத் திறக்கும் மென்பொருள்களையும் உற்று நோக்கியே அவர்கள் படித்தறிந்திருக்கிறார்கள். கல்வெட்டு அறிஞர்கள் பிராமி எழுத்தைப் படித்தறிந்த உழைப்புக்கு இது உறவுடையது. எங்கள் கோப்பின் மொழியையும் முன்பின் அறியாத எவரோ என்றோ படித்து வைத்திருந்தார். கட்டளையைத் தட்டியதும் கறுப்புச் சாளரத்தில் எண்கள் ஓடத் தொடங்கின. மாணவி கைதட்டினார். நாங்கள் பேசாமல் நின்றோம்.

அடுத்து வந்தவை நுணுக்கமான சிக்கல்கள். பழைய தொலைக்காட்சி முறைப்படி எடுத்த பதிவில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாக, ஒற்றைப்படை வரிகள் ஒருமுறையும் இரட்டைப்படை வரிகள் ஒருமுறையுமாகப் பதிவாகியிருக்கும். கணினித் திரையில் அதை அப்படியே காட்டினால் அசையும் பொருளின் விளிம்பு சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரியும். அசையாத திண்ணை தெளிவாக இருந்தது. பெரியவரின் கைகள் மட்டும் பற்களாகச் சிதறின. எது எங்களுக்கு வேண்டுமோ அதுவே கெட்டிருந்தது. இரு பாதிகளையும் இணக்கும் வடிப்பான் ஒன்றைச் சேர்த்து அதைச் சரிசெய்தனர். பிறகு முகம் சற்று நீண்டு தெரிந்தது. அப்பதிவின் படப்புள்ளிகள் சதுரமானவை அல்ல. 720-க்கு 576 என்று பதிவானதை 768-க்கு 576 என்று விரித்ததும் முகம் தன் இயல்புக்கு வந்தது. தியோரா படத்தைப் பதினாறு பதினாறு புள்ளிகளாகப் பகுத்தே கையாளும். இவ்விரு எண்களும் பதினாறால் மீதமின்றி வகுபடுவதால் ஓரத்தில் வீண் பட்டை சேரவில்லை.

பிறகு தரம். தியோராவுக்கு மாற்றும்போது சுழியிலிருந்து பத்து வரை ஓர் அளவுகோலில் தரத்தைக் குறிக்கலாம். கோப்பு சிறிதாக இருக்க வேண்டும் என்று ஒரு மாணவர் ஐந்து வைத்தார். கைகளின் சுருக்கங்கள் மறைந்து மெழுகு போலாயின. சுருக்கிய ஒன்றை மீண்டும் சுருக்கும்போது இழப்பு கூடும். நகலிலிருந்து நகலெடுத்த ஃபிலிமும் இப்படித்தான் மங்கும். பிரதி செய்வோர் கைமாறும்தோறும் ஏட்டில் பிழை கூடுவதும் இப்படித்தான். எட்டு வைத்தோம். எச்.264-ஐ விடத் தியோரா அதிக இடம் பிடிக்கும் என்பது உண்மையே. ஆனால் எங்களுக்கு வேண்டியது ஒரு நிமிடத்துக்கும் குறைந்த அசைவுதான். அதற்குச் சில மெகாபைட்டுகளைத் தரலாம். ஒலியை வார்பிசாக மாற்றினோம். இருபது நிமிட முழுப்பதிவையும், மேலும் எதையும் இழக்காத முறையில், தனியே ஒரு பிரதியாகச் சேமித்தோம். விளையாட்டுக்கு மாற்றுவது வேறு, காப்பது வேறு என்பதை மாணவர்கள் கேட்காமலே புரிந்துகொண்டனர்.

*

தமிழ் வாசகருக்கு இவை எதுவும் புதிதல்ல. 1990களின் இறுதியில் இணையத்தில் தமிழ் படித்தோர் நினைவுகூர்வர். ஒவ்வோர் இதழுக்கும் ஓர் எழுத்துரு. அதை நிறுவாவிட்டால் கவிதை முழுவதும் ஐரோப்பியக் குறிகளாகத் தெரியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் இலக்கியங்களை முதலில் அன்றைய எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கியிலும், அதன்பின் யூனிகோடிலும் வழங்கியது. ஒரே நூலை மீண்டும் மீண்டும் புதிய உடலுக்குள் ஏற்றிய அந்தத் தன்னார்வலர்களின் உழைப்பை நாம் போதிய அளவு பேசியதில்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஒரு தனியார் எழுத்துருவில் மட்டும் தட்டச்சு செய்யப்பட்டு, அந்த எழுத்துரு தொலைந்ததால் படிக்க முடியாமற் போன ஆய்வேடுகள் நம் கல்லூரிகளில் இல்லையா என்று கேட்டுப் பார்த்தால் விடை கசப்பாகவே இருக்கும்.

அதற்கும் முன்னோடி உ.வே.சாமிநாதையர். 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் அச்சேற்றியது வெறும் அச்சுப்பணியன்று. ஒரு வீட்டின் பரணிலிருந்து இன்னொரு வீட்டின் பரணுக்கு மட்டுமே செல்லக்கூடியதாக இருந்த நூலை, எவரும் எங்கும் வாங்கிப் படிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய பணி அது. சுவடி வைத்திருந்தோர் சிலர் கொடுத்தனர், சிலர் மறுத்தனர். மறுத்தவர் வீட்டில் இருந்தவை கரையானுக்கு ஆயின. பூட்டி வைப்பதைக் காப்பது என்று எண்ணிக்கொள்வது மனித இயல்பு. பலரிடம் பரவியதே பெரும்பாலும் தப்பியது என்பது வரலாறு.

ஒரு மறுப்பையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். திறந்த வடிவமும் மூப்படையாதா? அடையும். ஆன்2 நிறுவனத்தை 2010-இல் கூகுள் வாங்கியது. தியோராவை விடச் சிறந்த திறந்த முறைகள் அடுத்தடுத்து வந்தன. 2018-இல் ஏவி1 வெளியானது. 2024-இல் குரோம் உலாவி தியோராவுக்கான ஆதரவைக் கைவிட்டது. நாங்கள் மாற்றிய கோப்பை இன்றைய குரோமில் நேரடியாகத் திறக்க இயலாது. அப்படியானால் பூட்டிய பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் என்ன வேறுபாடு? வேறுபாடு உண்டு. தியோராவின் இலக்கண நூல் வெளியிடப்பட்டிருக்கிறது. உலாவிகள் எல்லாம் கைவிட்டாலும், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவி அந்நூலைப் படித்துத் தன் கருவியில் அதை மீண்டும் பேசவைக்கலாம்; எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திறந்த வடிவம் சாகாவரம் தருவதில்லை. மீண்டும் எழுப்பும் உரிமையைத் தருகிறது. பூட்டிய வடிவத்தில் அது தற்செயலை நம்பியிருக்கிறது. எங்களுக்கு அந்தத் தற்செயல் வாய்த்தது. வாய்க்காதவர் எத்தனை பேரோ.

எச்.பி.எஃப் ஆலையின் வரலாற்றிலும் இதே வினா புதைந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பூச்சின் கைத்திறனை நம்மவர் கற்றனர். அடுத்த கட்டத்தின் சூத்திரம் எப்போதும் வேறொருவர் பெட்டியில் இருந்தது. ஆலை வீழ்ந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் இதில் அடக்கிவிட முடியாது. ஆயினும் ஒவ்வொரு படிக்கும் பிறர் கையிலுள்ள சாவியை நோக்கி நிற்பவர் நெடுந்தொலைவு ஏற முடியாது என்பதை அந்த வெற்றுக் கட்டடங்கள் நினைவூட்டுகின்றன.

*

விளையாட்டு நிறைவுற்றதும் பெரியவரின் மகளைக் கல்லூரிக்கு அழைத்தோம். அப்பாவின் பதிவைப் பயன்படுத்த முன்பே அவரிடம் ஒப்புதல் பெற்றிருந்தோம். ஆனால் அவர் அதைப் பார்த்ததில்லை. கணினியின் முன் அமர்த்தினோம். விளையாடிப் பழக்கமில்லாதவர், மாணவி அருகில் நின்று விசைகளைக் காட்டினார். திரை இருண்டது. எந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. ‘எங்கே போறதுன்னே தெரியலையேம்மா’ என்றார். ‘கையை வச்சுத் தடவிக்கிட்டே போங்கம்மா’ என்றார் மாணவி. மூன்று முறை தவறி, நான்காம் முறை சுருள் பொருந்தியது. கதவு திறந்தது. திண்ணையில் அவருடைய அப்பா அமர்ந்திருந்தார். கண்களை மூடி, இல்லாத சுருளை வாங்கி, விரலால் விளிம்பைத் தடவினார்.

அந்த அம்மையார் அழவில்லை. தம் வலக்கையை எடுத்துக் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து அதே போலத் தேய்த்துப் பார்த்தார். ‘வீட்ல சாப்பிட உட்கார்ந்தாலும் இலை ஓரத்தை இப்படித்தான் தடவுவார். ஏன்னு இத்தனை நாள் தெரியாது’ என்றார். பிறகு அந்தப் படம் மட்டும் தமக்கு வேண்டும் என்று கேட்டார். இருபது நிமிட முழுப்பதிவையும் அவர் செல்பேசியில் ஓடும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தனர் மாணவர்கள். அவர் பேரனிடம் திறந்த வடிவத்திலும் ஒரு பிரதியைத் தந்து, இரண்டு இடங்களில் சேமிக்கச் சொன்னோம்.

எங்கள் அலமாரியில் இன்னும் மூன்று நாடாக்கள் இருக்கின்றன. ஒன்றில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சிலர் பேசுகிறார்கள். மழை தொடங்குவதற்குள் அவற்றையும் மாற்றியாக வேண்டும். வாசகர்கள் வீட்டுப் பரணிலும் இப்படிச் சில இருக்கக்கூடும். இன்றே எடுத்துப் பாருங்கள்.